லீவு விட்டாச்சு, கடையில வாங்காம பிள்ளைங்களே கையால செய்யற மாதிரி என்னென்ன இருக்கு? (விளையாடவும், திங்கவும்)

மீனா_பெருங்குடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணுக்கு 9 வயசு, பையனுக்கு 5. பரீட்சை முடிஞ்சு நாலு நாள் ஆச்சு, அதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. ஆன்லைன்ல 650 ரூபா கொடுத்து ஒரு கிராஃப்ட் பெட்டி வாங்குனேன், ஒரு வாரமாவது ஓடும்னு நெனச்சேன். பிரிச்சுப் பார்த்தா எல்லாமே முன்னாடியே வெட்டி, துளை போட்டு, ஒட்டுற இடத்துல கோடு கூட போட்டு வச்சிருக்காங்க, பசங்க ஒட்ட மட்டும்தான் வேணும். நாப்பது நிமிஷத்துல முடிச்சிட்டு "அம்மா போன் கொடு"ன்னு வந்து நிக்குதுங்க. அந்தப் பொம்மைய அப்புறம் யாரும் தொடக்கூட இல்ல.

நாங்க இருக்கறது மூணாவது மாடி, சின்ன பால்கனி உண்டு. மரம் செடின்னு பக்கத்துல பெருசா ஒண்ணும் கிடையாது. வீட்ல இருக்கறத வச்சு ரெண்டு பேரும் சேர்ந்து செய்யற மாதிரி, கொஞ்ச நேரம் கைய மூளைய போட்டு செய்யற மாதிரி சொல்லுங்களேன். அடுப்பு பக்கம் அதிகம் போகாத தின்பண்டம் இருந்தா அதுவும் சொல்லுங்க, சின்னவனுக்கு கிச்சன்ல நின்னு எதாவது பிசையணும்னு ரொம்ப ஆசை.

---

கொங்கு_ராதா எழுதியது:

மீனா, பிசையற ஆசை இருந்தா முதல்ல உப்பு மாவுல ஆரம்பிங்க. மைதா ரெண்டு கப், தூள் உப்பு ஒரு கப், தண்ணி முக்கால்ல இருந்து ஒரு கப், ஒரு ஸ்பூன் எண்ணெய். தண்ணிய ஒரே அடியா ஊத்தாதீங்க, சின்னவன் கையில ஒரு ஸ்பூன் கொடுத்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்தச் சொல்லுங்க, சப்பாத்தி மாவ விட கொஞ்சம் கெட்டியா வந்ததும் நிறுத்திடணும். கலருக்கு பீட்ரூட் துருவிப் பிழிஞ்ச சாறு, மஞ்சள் பொடி, கீரை அரைச்ச தண்ணி. எங்க வீட்ல மூணு உருண்டையா பிரிச்சு மூணு கலர் பண்ணுவோம்.

எதாவது செஞ்சு காய வைக்கணும்னா மெல்லிசா செய்யச் சொல்லுங்க, தடிமனா இருந்தா மேல காஞ்சிடும் உள்ள ஈரம் நின்னு விரிசல் விடும். விரல்ல வெட்டுக்காயம் இருந்தா அன்னைக்கு வேணாம், உப்பு எரியும். வாயில வச்சாலும் ஒரே கரிப்பு, தானா துப்பிடுவாங்க. ஆனா வீட்ல நாய் பூனை இருந்தா அதுங்களுக்கு எட்டாத எடத்துல வைங்க, அவ்வளவு உப்பு அதுங்களுக்கு ஆகாது.

---

வடிவாச்சி எழுதியது:

மீனாம்மா, நான் திருநெல்வேலிப் பக்கம், 67 வயசு. பேத்திதான் இதுல எழுதக் கத்துக் குடுத்தா. நீ கடையில வாங்குன பெட்டியப் பத்தி சொன்னியே, அதுல பிள்ளைக்கு செய்ய ஒண்ணும் மிச்சம் இல்ல, அதான் அதுக்கு ஒட்டல. நாங்க சின்னதுல ஒரு பொருளத் தேடி அலையறதே பாதி விளையாட்டு.

இப்ப நுங்கு சீசன். மெட்ராஸ்லயும் ரோட்டோரம் குவிச்சு வச்சு விப்பாங்கல்ல, அவங்ககிட்ட போயி சுளையா எடுத்துக் குடுக்காதீங்க, மேல மட்டும் சீவி முழுசா குடுங்கன்னு கேளு. மூணு கண்ணு தெரியும். பிள்ளைகளப் பெருவிரல விட்டு நோண்டித் திங்கச் சொல்லு. அந்தத் தண்ணி மூஞ்சியில பீச்சி அடிக்கும், அடிக்கட்டும். தின்னு முடிச்ச ரெண்டு கூடும் ஒரே அளவா பாத்து எடுத்து வச்சிக்க, நடுவுல ஒரு கம்பச் சொருகு, ஒரு முழம் நீளம் இருந்தா போதும். அப்புறம் நீளமா ஒரு கவட்டக் கம்பு வேணும், கவை இருக்கற பக்கத்த அந்த நடுக்கம்பு மேல வச்சுத் தள்ளுனா வண்டி ஓடும். அவ்வளவுதான் நுங்கு வண்டி. கம்பு குத்தறது மட்டும் பெரியவங்க செய்யணும், பச்சக் கூடுங்கறதால சுளுவா எறங்கும், காஞ்சு போனா எறங்காது, அதனால அன்னைக்கே செஞ்சிடணும்.

பூவரச மரம் எங்கயாவது கண்ணுல பட்டா எலை ரெண்டு பறிச்சுக்க. நுனியில இருந்து இறுக்கமா சுருட்டி, ஒரு பக்கத்த லேசா நசுக்கி ஊதுனா பீப்பீன்னு சத்தம் வரும். முதல் பத்து எலையில சத்தம் வராது, காத்துதான் வரும். நீ வாங்கி ஊதிக் காட்டிராத, அவனே கண்டுபிடிக்கட்டும்.

---

மீனா_பெருங்குடி எழுதியது:

ஆச்சி, நீங்க எழுதுனத என் பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டுனேன், இன்னைக்கே நுங்கு வாங்கப் போலாம்னு நிக்குறா. ராதா அக்கா, உப்பு மாவு இன்னைக்கு மதியம் செஞ்சோம், பையன் ரெண்டு மணி நேரம் எந்திரிக்கவே இல்ல. ரொம்ப நன்றி. பீட்ரூட் கலர் கையில ஒட்டுது, அது போயிடும்தானே?

---

கொங்கு_ராதா எழுதியது:

ரெண்டு தடவ சோப்பு போட்டா போயிடும். மஞ்சள்தான் துணியில போகாது, பழைய பனியன் போட்டு விடுங்க.

---

செந்தில்_அப்பா எழுதியது:

அப்பாக்களும் எழுதலாம்தானே. கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன், ரெண்டு பொண்ணுங்க.

அரவிந்த் குப்தான்னு ஒருத்தர், ஐஐடி கான்பூர்ல படிச்ச இன்ஜினியர், குப்பைன்னு தூக்கிப் போடற பொருள்ல இருந்து பொம்மை செய்யறத வாழ்நாள் வேலையா எடுத்துக்கிட்டவர், 2018ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அவரோட இணையதளத்துல நூத்துக்கணக்குல இருக்கு, எல்லாம் இலவசம். நான் அதுல பார்த்தும் நம்ம சின்ன வயசு ஞாபகத்துலயும் செஞ்ச ரெண்டு சொல்றேன்.

ஒண்ணு தீப்பெட்டி போன். ரெண்டு தீப்பெட்டியோட உள்பெட்டி மட்டும் எடுத்து, நடுவுல ஊசியால ஓட்டை போட்டு, தையல் நூல விட்டு, உள்பக்கம் பாதி தீக்குச்சி வச்சு முடிச்சு போடணும், அப்பதான் இழுத்தா நூல் வெளிய வராது. குச்சியோட மருந்து பக்கத்த முதல்லயே உடைச்சுப் போட்டுடுங்க. நூல் பதினஞ்சு அடி இருக்கலாம். நெறைய பேரு செஞ்சிட்டு கேக்கலைன்னு சொல்லுவாங்க, காரணம் நூல் தொய்வா இருக்கும், இல்லன்னா கதவு மேல உரசிட்டு இருக்கும். பேசும்போது பெட்டி அதிருது, அந்த அதிர்வு நூல் வழியா போகுது, நடுவுல எதாவது தொட்டா அங்கயே நின்னுடும். இத நான் சொல்லல, என் சின்னவ நூல விரலால புடிச்சுப் பார்த்துட்டு அவளே சொன்னா, "அப்பா நூலு கிச்சுகிச்சு மூட்டுது, புடிச்சா அக்கா பேச்சு நின்னுடுது"ன்னு.

ரெண்டு, பட்டன் விர்ரு. பெரிய கோட்டு பட்டன், எதிரெதிர் ரெண்டு ஓட்டையில மூணு அடி நூல விட்டு முடிச்சு போட்டு, ரெண்டு கையிலயும் மாட்டி சுத்தி விட்டு இழுத்தா விர்ருனு சுத்தும். நாங்க சோடா மூடிய தட்டையாக்கி செஞ்சோம், அது ஓரம் வெட்டும், பிள்ளைங்களுக்கு பட்டனே போதும்.

அப்புறம் முட்டை ஓட்டுல தலையாட்டி பொம்மை. முட்டை மேல சின்ன ஓட்டை போட்டு உள்ள இருக்கறத எடுத்துட்டு பாதி வரைக்கும் மணல் போட்டா சாய்ச்சாலும் நிமிந்துக்கும்.

---

தஞ்சை_கௌரி எழுதியது:

செந்தில் சார், அந்த முட்டை பொம்மைல ஒரு திருத்தம். மணல சும்மா போட்டா சாய்க்கும்போது மணலும் சேர்ந்து சாஞ்சிடும், பொம்மை அப்படியே படுத்துக்கும். பாதி வரைக்கும் போட்டாலும் தப்பு, கனம் மேல ஏறிடும். எங்க ஊரு தலையாட்டி பொம்மையோட சூட்சுமமே அடியில மட்டும் கனமா களிமண்ணு, அடிப்பாகம் உருண்டையா, மேல எல்லாம் லேசா. அத அப்படியே முட்டைல கொண்டு வரணும்.

நான் செய்யறது இப்படி. முட்டையோட கூரான பக்கத்துல ஊசியால குத்தி விரல் நுனி அளவுக்கு ஓட்டை பெருசு பண்ணிக்கணும். வெள்ளையும் மஞ்சளும் கிண்ணத்துல, அது ஆம்லெட்டுக்கு. உள்ள நல்லா சோப்புத் தண்ணி விட்டு அலசி ஒரு நாள் கவுத்து காய வைக்கணும். அப்புறம் முட்டை வாங்குன அட்டைத் தட்டுலயே நிமித்தி உக்கார வச்சு, ஒரு ஸ்பூன் மணல் போட்டு, அது மேல உருக்குன மெழுகு ரெண்டு ஸ்பூன் ஊத்தணும். மெழுகு நாமதான் ஊத்தணும், மணல் அவங்க போடட்டும். ஆடாம அசையாம அரை மணி நேரம் விட்டா கெட்டியாயிடும், இப்ப எப்படி தள்ளுனாலும் எந்திரிச்சு நிக்கும். கொஞ்சம் கோணலா நின்னா மெழுகு ஒரு பக்கமா ஒதுங்கி இருக்குன்னு அர்த்தம், சுடுதண்ணிக் கிண்ணத்துல அடிப்பாகத்த நிமித்திப் பிடிச்சா இளகி சமமாயிடும். ஓட்டைய மறைக்க பேப்பர்ல கூம்பு சுருட்டி குல்லா. முகம் அவங்க இஷ்டம்.

என் பையன் ராஜா ராணி எல்லாம் வேணாம்னு சொல்லிட்டு எங்க தெரு பால்காரர செஞ்சான், மீசை ரெண்டு பக்கமும் காது வரைக்கும் போச்சு. அவருகிட்டயே கொண்டு போய்க் காட்டுனான், அவர் அத வாங்கி வண்டி முன்னாடி ஒட்டிட்டு ரெண்டு மாசம் சுத்துனாரு.

---

செந்தில்_அப்பா எழுதியது:

சரிதாங்க கௌரி, நான் ஈர மணல் போட்டு செஞ்சது, அதனால அன்னைக்கு நின்னுச்சு, மறுநாள் காஞ்சதும் சாஞ்சிடுச்சு. நான் முட்டை சரியில்லன்னு நெனச்சுட்டு இருந்தேன். மெழுகு வச்சு மறுபடி செஞ்சு பார்க்கறேன்.

---

கோவில்பட்டி_ஜெயா எழுதியது:

திங்கறதுக்கு யாருமே சொல்லலையே. எங்க ஊரு கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சுது, ஊரே வாசனையா இருக்கும், ஆனா பிள்ளைங்களோட வீட்ல செய்ய நான் கடலை மிட்டாய சொல்ல மாட்டேன். அதுக்குப் பதிலா பொட்டுக்கடலை உருண்டை, பாகே வேணாம்.

பொட்டுக்கடலை ஒரு கப், லேசா வெதுவெதுன்னு வறுத்து மிக்சியில பொடிச்சு சலிச்சுக்கணும். சர்க்கரை முக்கால் கப் ரெண்டு ஏலக்காயோட பொடிச்சுக்கணும். ரெண்டையும் தாம்பாளத்துல கொட்டி பிள்ளைங்கள கையால கலக்கச் சொல்லுங்க. நெய் கால் கப் நீங்க உருக்கி, கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் ஊத்துங்க. அப்புறம் பிடிக்கறது முழுக்க அவங்க வேலை. உதிர்ந்து போச்சுன்னா இன்னும் ஒரு ஸ்பூன் நெய். சின்னப் பிள்ளைங்க விரல் நுனியால பிடிப்பாங்க, உருண்டை நிக்காது, உள்ளங்கையில வச்சு மூடி அழுத்துன்னு ஒரு தடவ சொல்லிக் கொடுத்தா போதும். எங்க வீட்டுச் சின்னவ பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி விரல் தடம் நாலும் தெரியும்.

முந்திரி கடலை முழுசா சேக்காதீங்க, அஞ்சு வயசுக்குக் கீழ யாராவது இருந்தா தொண்டையில அடைக்கும், பொடிச்சு சேத்துக்கலாம்.

---

அனு_வேளச்சேரி எழுதியது:

9 வயசுப் பொண்ணுன்னா பாகு காய்ச்சவே கத்துக் கொடுக்கலாம்னு நான் நினைக்கறேன் ஜெயா. எங்க அம்மா அந்த வயசுல எனக்குப் பொரி உருண்டைக்கு பதம் பார்க்க விட்டாங்க. தண்ணியில ஒரு சொட்டு விட்டு உருட்டி தட்டுல போட்டா டங்குனு சத்தம் வரணும், அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. எல்லாத்துக்கும் பயந்தா எப்ப கத்துக்கறது?

---

கோவில்பட்டி_ஜெயா எழுதியது:

அனு, பயமுறுத்த சொல்லல. எங்க அக்கா பொண்ணுக்கு 10 வயசுல கையில பட்டது, இன்னும் தழும்பு இருக்கு. கொதிக்கற தண்ணி 100 டிகிரி, உருண்டைப் பாகு 120 தாண்டிப் போகும், அதவிட முக்கியம் தண்ணி பட்டா வழிஞ்சு ஓடிடும், பாகு ஒட்டிக்கிட்டு நின்னு சுட்டுட்டே இருக்கும். அன்னைக்கு நாங்க பதட்டத்துல பேஸ்ட்ட தடவிட்டோம், அது இன்னும் கெடுதல். குழாயத் திறந்து விட்டு இருபது நிமிஷம் ஓடற தண்ணியில கைய வைக்கணும்னு டாக்டர் அப்புறம்தான் சொன்னார். ஐஸும் வைக்கக்கூடாதாம்.

நீங்க சொல்ற அந்த டங்கு சத்தம் பார்க்கற வேலைய பிள்ளைக்குக் கொடுக்கலாம், அது தண்ணிக் கிண்ணத்துல ஆறுனதுதானே. கரண்டிய மட்டும் நாம வச்சுக்கலாம்.

---

அனு_வேளச்சேரி எழுதியது:

அது சரி, யோசிச்சுப் பார்த்தா எனக்கும் அம்மா கிண்ணத்த மட்டும்தான் கொடுத்தாங்க, சட்டி அவங்க பக்கம்தான் இருந்துச்சு. இத இப்பதான் நினைச்சுப் பார்க்கறேன்.

---

நித்யா_மதுரை எழுதியது:

அடுப்பே இல்லாம ஒண்ணு. மஞ்சள் பேப்பர். மஞ்சள் பொடி ஒரு ஸ்பூன் அரை டம்ளர் தண்ணியில கரைச்சு வெள்ளை பேப்பர் முழுக்க பூசி காய வைங்க. ஆப்ப சோடா கொஞ்சம் இன்னொரு கிண்ணத்துல கரைச்சு வச்சு, பஞ்சு சுத்துன குச்சியால தொட்டு எழுதச் சொல்லுங்க. எழுத எழுத செவப்பா வரும். ஆரத்தித் தட்டுல மஞ்சளோட சுண்ணாம்பு சேர்த்தா செவக்குதுல்ல, அதே விஷயம்தான், ஆனா சுண்ணாம்பு கண்ணுல பட்டா ஆபத்து, அதனால சோடா. அது மேல எலுமிச்சம்பழச் சாறு தடவுனா மறுபடி மஞ்சளாயிடும். என் பையன் எங்க மாமியாருக்கு ரகசியக் கடிதாசி எழுதி, படிச்சதும் எலுமிச்சை தடவி அழிச்சிடுங்கன்னு சொல்லிட்டுப் போனான்.

இதே மாதிரி குடிக்கறதுக்கு சங்குப்பூ சர்பத். நீல சங்குப்பூ எட்டு பத்து, அடியில இருக்கற பச்சைக் காம்ப கிள்ளிட்டு, சுடுதண்ணியில அஞ்சு நிமிஷம் போட்டா நல்ல நீலம் இறங்கும். ஆற வச்சு சர்க்கரை கலந்து டம்ளர்ல ஊத்தி, எலுமிச்சம்பழத்த பிள்ளைங்க கையால பிழியச் சொல்லுங்க. நீலம் அப்படியே கத்தரிப்பூ கலராகும். எங்க வீட்ல ஒவ்வொருத்தர் டம்ளருக்கும் தனித்தனியா பிழிஞ்சாகணும், ஒருத்தர் பிழிஞ்சத இன்னொருத்தர் ஏத்துக்க மாட்டாங்க.

---

மீனா_பெருங்குடி எழுதியது:

எல்லாரும் எழுதுனத ஒரு நோட்டுல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டேன். இப்ப பத்து நாள் ஆச்சு, என்னென்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

முட்டையில முதல் மூணு உடைஞ்சு போச்சு, அன்னைக்கு ராத்திரி எல்லாருக்கும் ஆம்லெட். நாலாவது நின்னுச்சு. கௌரி அக்கா சொன்ன சுடுதண்ணி வித்தை வேலை செஞ்சுது. பையன் அத ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளி விட்டுட்டு "இது ஏன் விழமாட்டேங்குது"ன்னு கேட்டான், அக்காக்காரி "அதோட தொப்பை கனம்"னு சொன்னா. எனக்கு அதுக்கு மேல விளக்கத் தெரியல, அதுவே போதும்னு விட்டுட்டேன்.

பொட்டுக்கடலை உருண்டை 14 வந்துச்சு, சாயந்திரத்துக்குள்ள காலி. மஞ்சள் பேப்பர் தினமும் நடக்குது, ஒரு பாக்கெட் மஞ்சள் பொடி தீர்ந்துடுச்சு.

சரியா வராதது, உப்பு மாவுல செஞ்ச யானை. நாலு நாள் பால்கனியில வச்சும் காயல, அடியில வெள்ளையா பூஞ்சை பிடிச்சு தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு. பையன் ரொம்ப அழுதான்.

இன்னொண்ணு கேக்கணும். பொண்ணு களிமண்ணுல பிள்ளையார் செஞ்சா. தும்பிக்கை தடியா வந்து வயித்தோட ஒட்டிக்கிச்சு, காது ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. அவ தூங்குனதும் நான் கொஞ்சம் தண்ணி தொட்டு தும்பிக்கைய மெலிசாக்கி காத சமம் பண்ணி வச்சேன், காலைல பார்த்து சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். அவ பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, அத எடுத்து அலமாரி பின்னாடி வச்சிட்டா. மறுநாள் களிமண்ணு எடுன்னா வேணாம்னுட்டா. நான் செஞ்சது தப்பா?

---

வடிவாச்சி எழுதியது:

மீனாம்மா, உன் மனசுக்குக் கஷ்டமா இருக்கும், ஆனாலும் சொல்லிடுதேன். அது இப்ப அவ செஞ்ச பிள்ளையார் இல்ல, நீ செஞ்சது. அதான் பின்னாடி போயிருச்சு.

எங்க வீட்ல கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை செய்வோம். பச்சரிசி மாவு வறுத்தது ரெண்டு கப்பு, கருப்பட்டி ஒரு கப்பு தட்டிக் கரைச்சு வடிகட்டி, தேங்காய்ப்பூ, ஏலம், சுக்கு போட்டு கெட்டியா பிசைஞ்சு, குருத்தோலையில அடைச்சு மேல இன்னொரு ஓலைய வச்சு ஓலை நாராலயே கட்டி இருபது நிமிஷம் அவிப்போம். ஓலை வாசம் மாவுக்குள்ள எறங்கி இருக்கும். பேரன் பேத்தி எல்லாம் ஆளுக்கு அஞ்சு கட்டுவாங்க. கடைக்குட்டி கட்டுனது எப்பவும் அவுந்து போயி மாவு வெளிய வந்து கொப்பரையில ஒட்டிக் கெடக்கும். என் மருமக ஒரு வருஷம் அவன் பாக்காத நேரம் அவுத்துத் திரும்பக் கட்டுனா. அவன் ஓலையப் பிரிக்கும்போது முடிச்சப் பாத்துட்டு இது நான் கட்டுனது இல்லன்னு தட்டுலயே வச்சிட்டுப் போயிட்டான். நாலு வயசு அவனுக்கு. தன் முடிச்சு அவனுக்குத் தெரியுது. அதுக்கப்புறம் அவன் முடிச்ச யாரும் தொடறதில்ல, அவுந்தத அவனே கரண்டியால வழிச்சுத் திங்கான்.

நீ ஒண்ணு செய். அவகிட்டப் போயி, நான் உன் பிள்ளையாரத் தொட்டிருக்கக் கூடாதுன்னு சொல்லிடு. பிள்ளைகிட்ட சொல்றதுல ஒண்ணும் கொறஞ்சு போக மாட்ட. களிமண்ண எடுன்னு கூப்பிடாத, நீ பாட்டுக்கு உக்காந்து எதையாவது உருட்டிக்கிட்டு இரு.

மெட்ராஸ்ல குருத்தோலை கெடைக்கலன்னா அந்தக் கொழுக்கட்டைய வாழை எலையிலயோ பூவரச எலையிலயோ மடிச்சு அவிக்கலாம், அதுவும் நல்லா இருக்கும்.

---

கொங்கு_ராதா எழுதியது:

யானைக்கு நான் பதில் சொல்லணும். அது என் தப்பு, நான் எங்க ஊரு காத்துக்கு சொன்னேன், இங்க காத்து வறட்சியா இருக்கும். மெட்ராஸ்ல கடல் காத்து ஈரம், உப்பு வேற காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், தடிமனா செஞ்சா காயவே காயாது. யானை மாதிரி பெருசு வேணும்னா உள்ள நியூஸ்பேப்பர கசக்கி உருண்டை பண்ணி மேல மட்டும் மெல்லிசா மாவு போத்தச் சொல்லுங்க. நல்ல வெயில் நேரத்துல பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் காய வச்சு, அப்புறம் வீட்டுக்குள்ள எடுத்துடுங்க, அடிக்கடி திருப்பிப் போடணும். ராத்திரி பால்கனியில விடாதீங்க. பையன்கிட்ட ராதா பெரியம்மா மன்னிப்பு கேட்டாங்கன்னு சொல்லுங்க.

---

செந்தில்_அப்பா எழுதியது:

வெயில் இப்படி அடிக்கறப்ப ஐஸ்கிரீம் செய்யச் சொல்லலாம், ஃப்ரீசர் வேணாம், ஐஸ் கட்டி மட்டும் வேணும். காய்ச்சி ஆறுன பால் ஒரு கப், சர்க்கரை ரெண்டு ஸ்பூன், இறுக்கி மூடற மாதிரி சின்ன எவர்சில்வர் டப்பாவுல ஊத்தி, பெரிய டப்பாவுல நடுவுல வச்சு, சுத்தி ஐஸ் நாலு கப்பு உடைச்சுப் போட்டு அது மேல கல்லு உப்பு அரை கப். பெரிய டப்பாவையும் மூடி துண்டுல சுத்தி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உருட்டணும், பதினஞ்சு இருபது நிமிஷம் ஆகும், நடுவுல ஒரு தடவ திறந்து ஓரத்துல ஒட்டுனத வழிச்சு விடணும். உப்பு சேர்ந்தா ஐஸ் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழ போகும், அதனாலதான் பால் உறையுது. அதனாலதான் துண்டும் வேணும், வெறுங்கையால பிடிச்சா விரல் மரத்துப் போகும். திறக்கறதுக்கு முன்னாடி சின்ன டப்பாவ நல்லா கழுவித் துடைங்க, இல்லன்னா மூடியோரத்து உப்புத் தண்ணி உள்ள போயி எல்லாம் பாழ். எங்க வீட்ல முதல் தடவ அப்படித்தான் ஆச்சு, பெரியவ மட்டும் பரவாயில்லப்பான்னு முழுசா சாப்ட்டா, அத என்னால மறக்க முடியாது.

---

சேலத்து_தேவி எழுதியது:

இந்த இழைய இப்பதான் பார்த்தேன். லீவு முடிஞ்சாலும் ஒண்ணு பாக்கி இருக்கு, ஆடி ஒண்ணு. ஜூலை 17 வாக்குல வரும். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் அன்னைக்கு தேங்காய் சுடுவோம். பிள்ளைங்க வேலை முந்தின நாளே ஆரம்பிச்சிடும், தேங்காய் நார எல்லாம் பிச்சு சொரசொரப்பான தரையில தேச்சுத் தேச்சு வழவழன்னு ஆக்கணும், எங்க தெருவுல திண்ணை திண்ணையா உக்காந்து தேய்ப்போம், யாருது வழவழப்புன்னு போட்டி. மூணு கண்ணுல ஒண்ணத் திறந்து தண்ணிய எடுத்துட்டு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, அவல், எள்ளு, வெல்லம் எல்லாம் விரலால திணிச்சு, எடுத்த தண்ணியில கொஞ்சம் திரும்ப ஊத்தி, அழிஞ்சிக் குச்சிய சீவி மஞ்சள் பூசி அந்தக் கண்ணுல சொருகி நெருப்புல வாட்டணும். ஓடு கருகி வெடிக்கும்போது எடுத்துடணும். பிள்ளையாருக்கு வச்சிட்டு உடைச்சா உள்ள பருப்போட ஒட்டிக்கிட்டு பூரணம், அந்தப் புகை வாசமும் வெல்லமும் வேற எதுலயும் வராது.

மாடி வீட்ல நெருப்புக்கு வழி இல்லன்னா மொட்டை மாடியில பழைய இரும்புச் சட்டியில கரி போட்டு செய்யலாம், பக்கத்துல ஒரு வாளி தண்ணியும் பெரியவங்க ஒருத்தரும் இருக்கணும். நிரப்பறது தேய்க்கறது எல்லாம் பிள்ளைங்க, குச்சியப் பிடிச்சு வாட்டறது கொஞ்சம் பெரிய பிள்ளைங்க. வெடிக்கும்போது தள்ளி நிக்க வைங்க.

---

மீனா_பெருங்குடி எழுதியது:

தேவி அக்கா, ஆடி ஒண்ணு காலண்டர்ல வட்டம் போட்டாச்சு. கீழ் வீட்டுக்காரங்களும் வர்றாங்களாம்.

ஆச்சி, நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன். "நான் தொட்டிருக்கக் கூடாதுடா"ன்னதும் அவ என்னைப் பார்த்துட்டு "ஏம்மா, என்னுது அசிங்கமாவா இருந்துச்சு"ன்னு கேட்டா. இல்லடா, எனக்குத்தான் பொறுமை இல்லன்னேன். அப்புறம் நான் பாட்டுக்கு தரையில பேப்பர் விரிச்சு எலி செஞ்சுட்டு இருந்தேன், வால் வரவே இல்ல, ஒடைஞ்சு ஒடைஞ்சு விழுந்துச்சு. கொஞ்ச நேரத்துல அவளே வந்து ஈர்க்குச்சி ஒண்ணு உடைச்சு, அது மேல களிமண்ண சுத்தி வால் வச்சுக் கொடுத்தா. எலி ரெடி. அப்புறம் அலமாரி பின்னாடி இருந்து அந்தப் பிள்ளையார எடுத்துட்டு வந்து தண்ணி தெளிச்சு மொத்தமா பிசைஞ்சு உருண்டையாக்கி, புதுசா ஒண்ணு செஞ்சா. இப்பயும் காது ஒண்ணு பெருசுதான். ரெண்டும் டிவி மேல உக்காந்திருக்கு.

நுங்கு வண்டியும் செஞ்சோம், கடைக்காரரே சந்தோஷமா மேல சீவிக் கொடுத்தார், ஒரே அளவு ரெண்டு தேடி எடுத்தும் கொடுத்தார். பையன் பார்க்கிங்ல ஓட்டறான், இப்ப மாடி வீட்டுப் பசங்க நாலு பேரு எங்களுக்கும் வேணும்னு நிக்கறாங்க. ஒரே ஒரு பிரச்சனை, கவட்டைக் கம்பு கிடைக்காம துடைப்பக்கட்டையில ரெண்டு ஆணி அடிச்சுக் கொடுத்தேன், ரெண்டு நாள்ல கழண்டுடுச்சு. ஆணி வேற, பயமா இருக்கு. இங்க கவைக்கு என்ன பண்றது?

---

வடிவாச்சி எழுதியது:

ஆணிய இன்னைக்கே பிடுங்கிப் போட்டிரு. காய்கறிச் சந்தையில முருங்கைக்காய் கட்டு கொண்டாந்து எறக்குவாங்க, அதோட கொப்பு ஏதும் கெடக்கான்னு பார்த்து எடுத்துறாத, முருங்கை பொசுக்குனு ஒடியும். வேப்பங்கொப்பு, கொய்யாக் கொப்பு இருந்தா நல்லது. தெருவுல கரண்ட்டுக் கம்பிக்கு இடிக்குதுன்னு மரம் வெட்டிப் போடுவாங்க, அன்னைக்கு பிள்ளைகளயே கூட்டிட்டுப் போயி தேடச் சொல்லு. கவை ரெண்டு விரல் அகலம் விரிஞ்சிருந்தா போதும், ரொம்ப விரிஞ்சா வண்டி பக்கவாட்டுல ஓடும். அந்த நாலு பேருக்கும் சேத்து அஞ்சு எடுத்துக்க.